நாய்களோடு வாழ்நாள் வேலை: ஐந்து வழிகள், ஆறாவதாக ஒன்று

"சின்ன வயதிலிருந்தே நாய் என்றால் எனக்கு உயிர். இப்போது பார்க்கும் வேலையை விட்டுவிட்டு நாய்களுக்காக ஏதாவது செய்ய வேண்டும். கால்நடை மருத்துவம் படிப்பதா, பயிற்சியாளர் ஆவதா, காப்பகத்தில் சேர்வதா?"

இந்தக் கேள்வியைப் பள்ளி முடிக்கும் பிள்ளைகளும் கேட்கிறார்கள், நாற்பதைத் தாண்டியவர்களும் கேட்கிறார்கள். கேட்பவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது தங்கள் அன்பைப் பற்றித்தான். மழையில் நனைந்த குட்டியைச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்த கதை ஒன்று எல்லோரிடமும் இருக்கிறது. அந்த அன்பை நான் துளியும் சந்தேகிப்பதில்லை. ஆனால் எந்த வேலை என்று தேர்ந்தெடுக்க அது உதவாது. இந்தத் துறையில் எந்த வாசலில் நுழைந்தாலும், உள்ளே இருக்கும் அத்தனை பேரிடமும் அது ஏற்கெனவே இருக்கிறது.

வேலைக்கு வேலை மாறுவது, நாயை எந்த நேரத்தில் சந்திக்கிறோம் என்பது. மருத்துவர் அதை நோயில் சந்திக்கிறார். பயிற்சியாளர் பயத்தில் சந்திக்கிறார். காப்பக ஊழியர் அது கைவிடப்பட்ட பிறகு சந்திக்கிறார். வீட்டு வாசலில் நம்மைக் கண்டு துள்ளும் நாய் இந்த வேலைகளில் அரிதாகத்தான் எதிரே வரும். எந்த நேரத்து நாயின் பக்கத்தில் உங்களால் ஆண்டுக்கணக்கில் நிற்க முடியும்? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டால் பாதி முடிவு ஆகிவிடும். நான் ஒரு கால்நடை மருத்துவமனையில் உதவியாளராகத் தொடங்கி, பின்னர் பயிற்சிப் பணிக்கு மாறியவள். கீழே உள்ளவற்றில் என் சாய்வு எங்காவது தெரிந்தால் அதற்கு இதுவே காரணம்.

## எதை வைத்து எடைபோடுவது

ஒவ்வொரு வழியையும் ஐந்து கேள்விகளால் அளக்கிறேன்.

- முதல் சம்பளம் கைக்கு வர எத்தனை காலம், எவ்வளவு செலவு?
- நாயை எந்த நிலையில் சந்திக்கிறோம்?
- உடம்பும் மனமும் எதைத் தாங்க வேண்டும்?
- மனிதர்களோடு எவ்வளவு பேச வேண்டும்?
- பத்து ஆண்டு கழித்து அங்கிருந்து எங்கே போக முடியும்?

நான்காவது கேள்வியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். "மனிதர்களோடு ஒத்துப்போகவில்லை, அதனால்தான் நாய்களோடு வேலை தேடுகிறேன்" என்று சொல்பவர்கள் நிறைய. ஒவ்வொரு நாயின் கயிற்றுக்கும் மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கிறார். அந்த நாய்க்கு எதைச் செய்ய வேண்டுமானாலும் அவர் சம்மதிக்க வேண்டும், பணம் கட்ட வேண்டும், வீட்டுக்குப் போய் அதைத் தொடர வேண்டும். மனிதர்களிடமிருந்து தப்பிக்க வருபவர்களுக்கு இந்தத் துறை ஏமாற்றமே தரும்.

## கால்நடை மருத்துவர்

பெரும்பாலான நாடுகளில் இது ஐந்து, ஆறு ஆண்டுப் படிப்பு. அமெரிக்காவில் பொதுவாக நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பை முடித்து, அதன்மேல் இன்னொரு நான்கு ஆண்டு படிக்க வேண்டும். நுழைவதற்கே கடும் போட்டி.

சேர்ந்தவர்களில் பலருக்கு முதல் அதிர்ச்சி, படிப்பில் நாய்க்குக் கிடைக்கும் பங்கு. மாடு, குதிரை, பன்றி, கோழி எல்லாவற்றின் உடற்கூறும் நோயும் படிக்க வேண்டும். இறைச்சிப் பரிசோதனையும் பாடத்தில் உண்டு. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1761இல் பிரான்சின் லியோன் நகரில் க்ளோட் பூர்ஷெலா என்பவரால் நிறுவப்பட்டபோது, அரசின் கவலை மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுகொண்டிருந்த கொள்ளைநோய்தான். மனிதர்களின் உணவையும் உழைப்பையும் காக்கப் பிறந்த படிப்பு அது. செல்லப்பிராணி பின்னால் வந்து சேர்ந்தது. நாய் மட்டுமே வேண்டும் என்பவர் மாட்டுத் தொழுவத்தில் கழிக்கும் மாதங்களையும் மனதாரக் கழிக்க வேண்டும்.

மறைசெலவுகள் இரண்டு. ஒன்று, படிப்புக் கடனும் அத்தனை ஆண்டு இழந்த வருமானமும். மற்றொன்று கனமானது. குணப்படுத்தக்கூடிய நோயோடு ஒரு நாய் மேசையில் கிடக்கும். வளர்ப்பவரிடம் பணம் இருக்காது. அந்த அறையில் முடிவைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். கருணைக்கொலை ஊசியைப் போடுபவரும் அவரே. அடுத்த பத்து நிமிடத்தில் இன்னொரு வீட்டின் புதுக் குட்டிக்குச் சிரித்த முகத்தோடு தடுப்பூசி போடுபவரும் அவரே. அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரையிலான இறப்புகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்று, பொதுமக்களோடு ஒப்பிட்டால் தற்கொலையால் இறப்பது பெண் கால்நடை மருத்துவர்களிடையே 3.5 மடங்காகவும் ஆண்களிடையே 2.1 மடங்காகவும் இருப்பதைக் காட்டியது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இந்தப் படிப்பில் சேரும் பிள்ளையின் பெற்றோருக்கும் நண்பர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

இவ்வளவுக்கும் ஈடாக வேறு யாருக்கும் இல்லாத ஒன்று மருத்துவரிடம் இருக்கிறது. நோயைக் கண்டறிவது, மருந்து எழுதுவது, அறுவை செய்வது ஆகியவை பெரும்பாலான நாடுகளில் சட்டப்படி அவருக்கு மட்டுமே உரியவை. ஒரு நாய் துடிக்கும்போது "ஏன்" என்ற கேள்வி உங்களைத் தூங்கவிடாது என்றால், அந்த "ஏன்"னுக்கு விடை தேடும் உரிமை உங்கள் கையில் இல்லாத எந்த வேலையும் உங்களுக்கு நிறைவு தராது. அப்படிப்பட்டவர் வேறு குறுக்குவழி பார்க்க வேண்டாம்.

## கால்நடைச் செவிலியர், மருத்துவமனை உதவியாளர்

மருத்துவமனையில் நாயோடு அதிக நேரம் இருப்பவர் மருத்துவர் அல்ல, இவர்தான்.

ரத்தம் எடுக்கும் காட்சியைப் பாருங்கள். நாய் மேசைமேல் நடுங்கிக்கொண்டு நிற்கிறது. உதவியாளர் ஒரு கையை அதன் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, தலையைத் தன் தோளோடு அணைத்துக்கொள்கிறார். மற்றக் கை முன்னங்கால் முட்டிக்குப் பின்னால் போய்க் காலை முன்னே நீட்டுகிறது. கட்டைவிரல் ரத்தக்குழாயின் மேல் அழுந்தி, அதை லேசாக வெளிப்பக்கம் உருட்டுகிறது. ரத்தக்குழாய் புடைத்து எழுகிறது. மருத்துவர் ஊசியை இறக்குகிறார். முப்பது நொடி. அந்த முப்பது நொடியும் நாயின் மூச்சு உதவியாளரின் கன்னத்தில் படுகிறது. பிடி இறுகினால் நாய் திமிறும். தளர்ந்தால் ஊசி நழுவும். இந்தப் பிடியின் அளவு கைக்கு வர எனக்கு ஓராண்டு ஆனது. இன்றும் அதைப் பெருமையோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

சில நாடுகளில் இதற்கு இரண்டு மூன்று ஆண்டுப் படிப்பும் பதிவும் கட்டாயம். வேறு பல இடங்களில் வேலையில் சேர்ந்தே கற்கலாம். செலவு குறைவு, வருமானம் சீக்கிரம் வரும். ஆனால் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அது தாழ்வானது. முப்பது கிலோ நாயைத் தூக்கித் தூக்கி முதுகு தேயும். இரவுப் பணி இருக்கும். பார்வோ என்ற குடல்நோய் வைரஸ் தாக்கிய குட்டி வந்தால் ரத்தக் கழிச்சலைத் துடைப்பவர் நீங்கள்தான். 1978இல் உலகுக்குத் தெரியவந்த இந்த வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். சாதாரணக் கிருமிநாசினிகள் பலவற்றுக்கு அடங்காது. ப்ளீச்சிங் கரைசலைச் சரியான அளவில் கலந்து, மூலை முடுக்கெல்லாம் ஊறவைத்துக் கழுவ வேண்டும். அடுத்த கூண்டுக் குட்டி பிழைப்பதும் பிழைக்காததும் அந்தக் கழுவலைப் பொறுத்தது.

கையால் செய்யும் பராமரிப்பில் மனநிறைவு காண்பவருக்கு, கடைசி முடிவின் பாரத்தை ஏற்க விரும்பாதவருக்கு இது நல்ல இடம். மருத்துவம் படிக்கலாமா என்று தயங்குபவர் ஓராண்டு இங்கே வேலை பார்த்துவிட்டு முடிவெடுத்தால், தவறான படிப்பில் போகவிருந்த ஐந்து ஆண்டுகள் மிஞ்சும்.

## நாய்ப் பயிற்சியாளர்

இதைப் பற்றிச் சற்று அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உள்ளே நுழைய இருப்பதிலேயே எளிதான வாசல் இது. தவறாக நுழைந்தால் நாய்க்கு அதிகத் தீங்கு செய்யக்கூடியதும் இதுதான்.

பெரும்பாலான நாடுகளில் பயிற்சியாளர் என்று பெயர்ப்பலகை மாட்ட எந்த உரிமமும் தேவையில்லை. நேற்று முடிவெடுத்தவர் இன்று தொடங்கலாம். அதனால் எது சரியான கல்வி என்று தேடிப் பிடிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுகிறது. அமெரிக்காவிலிருந்து இயங்கும் பயிற்சியாளர் சான்றிதழ்க் குழு ஒன்று, தன் அடிப்படைத் தேர்வை எழுதவே மூன்று ஆண்டுக்குள் குறைந்தது 300 மணி நேரப் பயிற்சி அனுபவத்தைக் கேட்கிறது. நீங்கள் அந்தச் சான்றிதழை வாங்காவிட்டாலும், அனுபவம் வாய்ந்த ஒருவரின் கீழ் அத்தனை மணி நேரமாவது நிற்காமல் காசு வாங்காதீர்கள்.

யாரிடம் கற்கிறோம் என்பது அதைவிட முக்கியம். "நாய்க்கு நீதான் தலைவன் என்று காட்டு" என்று சொல்லி அடித்தும் அழுத்தியும் பழக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர், அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைக் கவனித்து, அவை தலைமைக்காகப் போட்டியிடுகின்றன என்று எழுதியதே இதற்கு மூலம். பின்னாளில் அதை எடுத்து எழுதியவர்களில் ஒருவரான டேவிட் மெக், காட்டு ஓநாய்களை ஆண்டுக்கணக்கில் பார்த்தபின், ஓநாய்க் கூட்டம் என்பது பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்த ஒரு குடும்பம்தான் என்று 1999இல் திருத்தினார். அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கம் 2021இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், முரட்டுத்தனம் காட்டும் நாய்கள் உட்பட எல்லா நாய்களுக்கும் வெகுமதி வழிப் பயிற்சியையே பரிந்துரைக்கிறது. கழுத்தை இறுக்கும் சங்கிலியை முதல் வகுப்பிலேயே எடுப்பவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

வேலை எப்படி இருக்கும்? ஒரு வீட்டில் இரண்டு வயதுப் பெண் நாய். அழைப்புமணி அடித்தால் சோபாவுக்கு அடியில் போய்விடும்; யாராவது கையை விட்டு இழுத்தால் கடிக்கும். முதல் இரண்டு வகுப்புகளில் நான் அதைத் தொடவே இல்லை. தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்து, அதன் முகத்தைப் பார்க்காமல், சிறு துண்டு தீனியை அந்தப் பக்கம் உருட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது வகுப்பில் மூக்கு மட்டும் வெளியே வந்தது. அந்த வீட்டில் என் பெரிய வேலை வேறு. மணி அடித்ததும் நாயை இழுத்து வந்து விருந்தினருக்குக் காட்டும் வழக்கத்தை அந்த வீட்டுப் பெரியவரை விடச்செய்ய வேண்டியிருந்தது. அதற்கு ஐந்து வாரம் பிடித்தது. "நாய் வாலை நிமிர்த்த முடியுமா?" என்று முதல் நாள் கேட்டவர், ஆறாவது வாரம் தானே தரையில் உட்கார்ந்திருந்தார்.

மறைசெலவுகள்: வருமானம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். வளர்ப்பவர்கள் ஓய்வாக இருக்கும் மாலையும் வார இறுதியும்தான் உங்கள் வேலை நேரம். உங்கள் குடும்பத்துக்கு அவை கிடைக்காது. கடிபட்டால் மருத்துவச் செலவு, உங்கள் கண்காணிப்பில் இருந்த நாய் வேறொருவரைக் கடித்தால் வழக்கு. அதனால் காப்பீடு இல்லாமல் தொடங்கக் கூடாது. குழந்தையைக் கடித்த நாயை வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு தாய் உங்களிடம் கேட்கும் நாளும் வரும்.

அதற்கு எதிர்த்தட்டில் வைக்க வேண்டியது இது: குட்டி மூன்று வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்கு வாரம் வரை பார்த்துப் பழகும் மனிதர்களும் ஒலிகளும் இடங்களும்தான் அதன் வாழ்நாள் துணிச்சலுக்கு அடித்தளம். அந்த வாரங்களில் ஒரு குடும்பத்துக்குச் சரியான வழியைக் காட்டினால், பின்னாளில் அந்த நாய் காப்பகக் கூண்டுக்கு வராமலே போகலாம்.

பயம், கடி போன்ற ஆழமான சிக்கல்களை மட்டும் கையாளும் நடத்தை ஆலோசகர் இதன் அடுத்த படி. வலியே கோபமாக வெளிப்படுவதுண்டு என்பதால், அங்கே மருத்துவரோடு கைகோத்தே நடக்க வேண்டும். நேராக அந்தப் படியில் கால் வைக்க நினைப்பது ஆபத்து.

## ரோமப் பராமரிப்பாளர்

குரூமிங்கை அழகு வேலை என்று ஒதுக்குபவர்கள், சடைபிடித்த ஒரு நாயை மழிப்பதைப் பார்த்ததில்லை. ரோமம் தோலோடு ஒட்டிக் கம்பளிபோல் இறுகியிருக்கும். நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் தோலை இழுக்கும். மழித்து எடுத்தால் அடியில் புண், உண்ணி, சில வேளை யாரும் கவனிக்காத கட்டி. மருத்துவரிடம் போக வேண்டும் என்று முதலில் சொல்பவர் பல நேரம் இவர்தான்.

சில மாதங்களில் கற்றுத் தொழில் தொடங்கலாம், வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வருவார்கள், சொந்தக் கடையும் வைக்கலாம். விலையைக் கொடுப்பது உடம்பு: மணிக்கட்டு, தோள், இடுப்பு, ரோமத் தூசி படியும் நுரையீரல். மூக்கு சப்பையான இனங்களைச் சூடான உலர்த்திக்கு முன் விட்டுவிட்டுக் கண்ணெடுத்தால் உயிரே போகும். கைத்திறனும் பொறுமையும் உள்ளவருக்கு, சீக்கிரம் சம்பாதிக்க வேண்டியவருக்கு, இதை முதலிடத்தில் வைப்பேன்.

## காப்பகப் பணி

தேவை மிக அதிகம், கூலி மிகக் குறைவு. அடைத்த கூடங்களில் நாய்கள் சேர்ந்து குரைக்கும் ஒலி 100 டெசிபலைத் தாண்டும். காதுக் காப்பு அவசியம். நாளின் பெரும்பகுதி கழுவுதல், உணவிடுதல், மருந்து கொடுத்தல், மறுபடி கழுவுதல்.

மனம் உடைவது வேறு இடத்தில். இடமில்லாத காப்பகங்களில், நோயற்ற நாய்க்கும் ஊசி போடும் நாள் உண்டு. கொல்லாத காப்பகங்களில், தத்துப் போகாமல் ஆண்டுக்கணக்கில் கூண்டிலேயே மங்கும் நாய்கள் உண்டு. இரண்டில் எது உங்களால் பார்க்கக்கூடியது என்று சேருமுன் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் காப்பகத்தின் கொள்கையையும் வெளிப்படையாகக் கேளுங்கள். இரக்கச் சோர்வு என்று ஒன்று இருக்கிறது; பிற உயிரின் வேதனையை ஓயாமல் பார்த்துப் பார்த்து மனம் வற்றிப்போவது. இரக்கம் மிகுந்தவர்களையே அது முதலில் பிடிக்கிறது. வாரம் ஒரு நாள் முழுமையாக விலகி இருக்கும் ஒழுங்கை முதல் மாதத்திலிருந்தே வைத்துக்கொள்ளாதவர்கள் இரண்டு ஆண்டுக்குள் வெளியேறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் ஒரு நாயின் வாழ்க்கையை ஒரே நாளில் தலைகீழாக மாற்றும் வேலை இது மட்டும்தான்.

## வேலையை விடாமல் உதவுவது

ஆறாவது வழியாக இதைச் சேர்க்கிறேன், தோல்வியாக அல்ல. காப்பகங்களுக்குக் கணக்கர் வேண்டும், வண்டி ஓட்டுபவர் வேண்டும், தத்துக்குப் போகும் நாயை நல்ல வெளிச்சத்தில் படம் எடுப்பவர் வேண்டும். பால்குடி மறக்காத குட்டிகளைச் சில வாரம் வீட்டில் வைத்து வளர்க்கும் தற்காலிகக் குடும்பங்கள் எல்லாவற்றையும்விட அவசரத் தேவை. குடும்பச் செலவு உங்கள் ஒருவர் சம்பளத்தில் ஓடுகிறது என்றால், அந்தச் சம்பளத்தை விடாமல் ஆண்டுக்கு நான்கு குட்டிகளை வளர்த்துத் தத்துக் கொடுப்பது, அரைமனதோடு முழுநேர வேலைக்குப் போவதைவிட நாய்களுக்கு அதிகம் செய்யும்.

## ஒரே பார்வையில்

| வழி | சம்பாதிக்கும் வரை | நாயைச் சந்திக்கும் நேரம் | மறைசெலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| மருத்துவர் | 5 முதல் 8 ஆண்டு | நோய், மரணம் | கடன், முடிவெடுக்கும் பாரம் | காரணம் தேடும் மனத்தினருக்கு |
| செவிலியர், உதவியாளர் | உடனே முதல் 3 ஆண்டு வரை | நோய், வலி | முதுகு, உயராத சம்பளம் | கைப்பணியில் நிறைவு காண்பவருக்கு |
| பயிற்சியாளர் | 1 முதல் 2 ஆண்டு | பயம், கோபம் | நிலையற்ற வருமானம், வழக்கு | மனிதர்களுக்குக் கற்பிக்கப் பிடித்தவருக்கு |
| ரோமப் பராமரிப்பாளர் | சில மாதம் | அசௌகரியம் | மணிக்கட்டு, நுரையீரல் | விரைவில் சொந்தத் தொழில் வேண்டுபவருக்கு |
| காப்பகம் | உடனே | கைவிடப்பட்ட பிறகு | இரக்கச் சோர்வு | இழப்பைத் தாங்கி மறுநாள் எழுபவருக்கு |
| தன்னார்வம் | சம்பளம் இல்லை | நீங்கள் தேர்ந்தெடுக்கும் நேரம் | வீடும் ஓய்வு நேரமும் | குடும்பப் பொறுப்பு உள்ளவருக்கு |

## நான் சொல்லும் யோசனை

பள்ளி முடிக்கும் வயதில், அறிவியலில் பிடிப்பு இருந்தால் மருத்துவத்தை முயலுங்கள்; பின்னால் அந்தக் கதவு திறப்பது கடினம். முப்பதுகளில் இருப்பவர்கள் மாலையில் ஒரு பயிற்சியாளரிடம் உதவியாளராகச் சேர்ந்து, இரண்டு ஆண்டில் மெல்ல மாறுங்கள். ஆறு மாதச் செலவுக்குச் சேமிப்பு இல்லாமல் வேலையை விடாதீர்கள். நாற்பதைத் தாண்டி முதுகுவலி உள்ளவர்கள் குரூமிங்கையும் மருத்துவமனைப் பணியையும் தவிர்ப்பது நல்லது.

எதைத் தேர்ந்தாலும் முதலில் ஒரு வாரம் விடுப்பு எடுத்து, அந்த வேலை நடக்கும் இடத்தில் காலை திறப்பதிலிருந்து இரவு பூட்டுவது வரை இருங்கள். நான்காம் நாள் களைப்பில் வரும் எண்ணத்தை எழுதி வையுங்கள். முதல் நாள் உற்சாகத்தைவிட அது நம்பத்தக்கது.

அந்த வாரத்துக்குப் போவதற்கு முன்பே ரேபிஸ் முன்தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் அதை இரண்டு தவணையாகச் சுருக்கியது: முதல் நாள் ஒன்று, ஏழு நாள் கழித்து ஒன்று. அதைப் போட்டிருந்தாலும், கடிபட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் புண்ணைக் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரிடம் போய்க் கூடுதல் தவணையைப் போட வேண்டும். அறிகுறி தோன்றியபின் இந்த நோய்க்குக் கிட்டத்தட்ட எந்தச் சிகிச்சையும் பலிப்பதில்லை. பழக்கமான நாய், சின்னக் கீறல், வீட்டுக்குட்டி என்று எதையும் விதிவிலக்காக்காதீர்கள்.